வேலியே பயிரை மேயும்போது

வெளிப் பிராகாரத்தை வலம் வருகையில் உள்ளங்காலில் நெருஞ்சி முள் ஒன்று தைத்துவிடுகிறது. பிடுங்கி எறிந்துவிட்டு நடந்துவிடுகிறோம். மாலைக்குள் அவ்விடம் சிவக்கிறது; தொட்டால் சுடுகிறது. மறுநாள் வீங்கி, ஊன்றினால் வலிக்கிறது. முள் செய்த வேலை என்கிறோம். முள் செய்தது அந்தக் கணத்தில் சுருக்கென்று குத்தியது மட்டுமே. பின்னர் வந்த சிவப்பு, சூடு, வீக்கம், வலி ஆகிய நான்கும் நம் உடல் தானே செய்துகொண்டவை. இந்நான்கும் கூடிய நிலைக்கே மருத்துவ நூலோர் அழற்சி என்று பெயரிட்டுள்ளனர்.

இந்நான்கு குறிகளையும் ஒருசேரத் தொகுத்து எழுதிவைத்தவர் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சஸ் என்னும் ரோமானிய நூலாசிரியர். பிற்காலத்தார் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தனர்: அழற்சி கண்ட உறுப்பு தன் தொழிலைச் செய்ய இயலாமற் போதல். முழங்கால் வீங்கினால் மடக்க முடியாது. தொண்டை அழன்றால் விழுங்க முடியாது. வயது முதிர்ந்த நம்மனோர் மருத்துவரிடம் சொல்லும் முறையீடுகளில் பெரும்பாலானவை இவ்வைந்தனுள் ஒன்றாகவே இருக்கக் காணலாம்.

அழற்சியை நெடுங்காலம் நோயின் ஒரு கூறு என்றே எண்ணியிருந்தனர். அது காவலின் ஒரு கூறு என்று காட்டியதில் ஒரு முள்ளுக்கே பங்கு உண்டு. 1882-ஆம் ஆண்டு, இத்தாலி நாட்டின் சிசிலித் தீவில், மெஸ்ஸினா நகரத்தில் எலி மெச்னிகாஃப் என்னும் ருஷ்ய விலங்கியல் அறிஞர் குடும்பத்துடன் தங்கியிருந்தார். நட்சத்திர மீனின் இளம்பருவ உயிர்கள் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடலுடையவை. உள்ளே நிகழ்வதை உருப்பெருக்கி வழியே அப்படியே காணலாம். வீட்டார் வெளியே சென்றிருந்த ஒரு நாளில், அவ்வுயிர்களுள் சிலவற்றின் உடலில் தோட்டத்து ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாட் காலையில் பார்த்தபோது, ஊர்ந்து திரியும் உயிரணுக்கள் எங்கெங்கிருந்தோ வந்து முள்ளைச் சூழ்ந்து மொய்த்து நின்றன. அவை முள்ளை விழுங்க முயல்கின்றன என்பதை அவர் கண்டுகொண்டார். நம் குருதியிலுள்ள வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்கி நம்மைக் காக்கின்றன என்னும் கொள்கை அங்கிருந்து வளர்ந்தது. 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நோய் எதிர்ப்பை வேறு வழியில் ஆராய்ந்த பால் எர்லிக் என்பவருடன் அதனைப் பகிர்ந்துகொண்டார்.

நெருஞ்சி முள் தைத்த பாதத்தில் நிகழ்வதும் அதுவே. காயமுற்ற திசுவிலிருந்து ஹிஸ்டமின் முதலிய பொருள்கள் கசிகின்றன. அருகிலுள்ள நுண்ணிய குருதிக் குழாய்கள் விரிகின்றன. குருதி பெருகி ஓடுவதால் சிவப்பும் சூடும் தோன்றுகின்றன. குழாய்களின் சுவர் நெகிழ்ந்து நீர் வெளியே கசிவதால் வீக்கம் உண்டாகிறது. புராஸ்டகிளாண்டின் என்னும் பொருள் நரம்பு நுனிகளைக் கூர்மைப்படுத்துவதால் வலி மிகுகிறது. அந்த வலியும் வீணன்று. பாதத்தை ஊன்றாதே, ஓய்வு கொடு என்று உடல் இடும் கட்டளை அது. சில மணி நேரத்திற்குள் வெள்ளணுக்கள் படையாக வந்து சேர்கின்றன. இவற்றுள் முன்னணியில் நிற்பவை நியூட்ரோஃபில்கள். நம் எலும்பு மஜ்ஜை நாள் ஒன்றுக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களைப் படைத்து அனுப்புகிறது என்றால் இக்காவலின் அளவு விளங்கும். கிருமிகளை விழுங்கிப் பெரும்பாலானவை அங்கேயே மடிகின்றன. அருவருப்புடன் நாம் துடைத்தெறியும் சீழ், பெரும்பகுதி இவ்வாறு மடிந்த அணுக்களே. பின்னர் மேக்ரோஃபேஜ் எனப்படும் பெரிய அணுக்கள் வந்து களத்தைத் துப்புரவு செய்து, புதிய தசை வளர வழி செய்கின்றன. வந்த வேலை முடிந்ததும் படை கலைந்துவிட வேண்டும். நலமுள்ள உடலில் அவ்வாறே கலைகிறது.

ஆகவே வீக்கத்தையோ காய்ச்சலையோ கண்டவுடன் ஒரு மாத்திரையால் அடக்கிவிட முற்படுமுன் ஒன்றை அறிய வேண்டும். காவல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறதா, அல்லது வேலியே பயிரை மேயத் தொடங்கிவிட்டதா? முதலாவதாயின் காரணத்தைத் தேடிக் களைய வேண்டும். இரண்டாவதாயின் காவலையே கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இரண்டுக்கும் மருத்துவம் வேறு. மருந்துக் கடையின் முன் நின்று இதனை முடிவு செய்ய இயலாது.

வலி மாத்திரைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பிரின் முதலிய மருந்துகள் எவ்வாறு வலியையும் சுரத்தையும் தணிக்கின்றன என்பதை 1971-இல்தான் இங்கிலாந்து நாட்டு ஜான் வேன் விளக்கிக் காட்டினார். அதற்காக 1982-இல் நோபல் பரிசும் பெற்றார். மேலே சொன்ன புராஸ்டகிளாண்டின் உண்டாவதை அவை தடுக்கின்றன. அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கிறது. சிறுநீரகத்திற்குக் குருதி செல்லவும் துணை நிற்கிறது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவற்றைத் தாமே வாங்கி நாட்கணக்கில் உண்ணும் முதியோர்க்கு இரைப்பைப் புண்ணும் சிறுநீரகக் கேடும் ஏன் வருகின்றன என்பது இதனால் விளங்கும். குருதி அழுத்தம் உயர்வதும், இதய நோயாளிகளுக்குக் காலில் நீர் கோப்பதும் உண்டு. பாரசிட்டமால் இவ்வகையைச் சேர்ந்ததன்று. அளவோடு உட்கொண்டால் முதியோர்க்கு ஓரளவு பாதுகாப்பானது. ஆனால் வீக்கத்தை அது அவ்வளவாகக் குறைப்பதில்லை.

டைக்ளோஃபெனாக் என்றவுடன் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் கழுகுகள் வந்து அமுது உண்டதைக் கண்ணாரக் கண்ட தலைமுறையினர் உங்களுள் பலர். இந்தியா முழுவதும் பாறுக் கழுகினம் 1990-களில் விரைந்து அழியத் தொடங்கியது. கால்நடைகளின் வீக்கத்திற்கும் வலிக்கும் கொடுத்த டைக்ளோஃபெனாக், அவற்றின் இறந்த உடலைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்துவிட்டது என்று 2004-இல் கண்டறிந்தனர். 2006-இல் நம் அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது. மனித உடல் கழுகின் உடல் அன்று. எனினும், ஒரு பட்டை மாத்திரையைக் கடலை மிட்டாய்போல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு யாத்திரை செல்லும் அன்பர்களைக் காணும்போது எனக்கு அக்கழுகுகளின் நினைவு வராமலில்லை.

இனி, வேலி பயிரை மேயும் நோய்களுக்கு வருவோம். மூட்டு வலியை எடுத்துக்கொள்வோம். அறுபதைக் கடந்தோரின் முழங்கால் வலி பெரும்பாலும் தேய்மானத்தால் வருவது. காலையில் எழுந்ததும் மூட்டு இறுகியிருக்கும். சிறிது நடமாடினால் அரை மணிக்குள் இளகிவிடும். மாடிப்படி ஏறினால் வலி மிகும். ருமட்டாய்டு என்று மருத்துவர் குறிக்கும் முடக்குவாதம் வேறு வகை. அதில் நோய் எதிர்ப்பு ஆற்றல், நம் மூட்டின் உட்சவ்வையே பகையென்று கருதித் தாக்குகிறது. இரு கைகளிலும் விரல்களின் சிறு மூட்டுகள் ஒருசேர வீங்கும். காலை இறுக்கம் ஒரு மணி நேரத்திற்கு மேலும் நீடிக்கும். கோலமிடும் விரல்கள் மாவைப் பிடிக்க மறுக்கும். உடற்சோர்வும் எடைக் குறைவும் உடன் வரும். தொடக்கத்திலேயே மருத்துவம் செய்தால் மூட்டுகளைக் காக்கலாம். கோணிய பின் நேராக்குதல் அரிது.

கும்பகோணத்தை அடுத்த சிற்றூரிலிருந்து எழுபது வயது அம்மையார் ஒருவர் எழுதிய கடிதத்தை இங்கே குறிப்பிட வேண்டும். அவருக்கு இரு கைகளிலும் முழங்கால்களிலும் வலி. தெரிந்தவர் சொற்படி ஒருவரிடம், பெயரெழுதாத பொட்டலங்களில் மடித்த பொடியை வாங்கி உண்டிருக்கிறார். "இரண்டே நாளில் சம்மணமிட்டு அமர்ந்து பூஜை செய்ய முடிந்தது, தெய்வ மருந்து என்றே நினைத்தேன்" என்கிறார். நான்கு மாதத்தில் முகம் உருண்டு திரண்டது. தோலில் தொட்ட இடமெல்லாம் கன்றியது. முன்பு இல்லாத சர்க்கரை நோய் வந்தது. மகன் கடிந்துகொள்ளவே, ஒரே நாளில் பொடியை நிறுத்திவிட்டார். இப்போது எழுந்து நிற்க முடியவில்லை, தலைசுற்றல், வாந்தி. மீண்டும் பொடியைத் தொடங்கலாமா என்பது அவர் கேள்வி. இதழில் விடை வரும்வரை காத்திருக்கும் நிலையன்று அது. அன்றே மருத்துவமனைக்குச் செல்லும்படி தொலைபேசியில் சொல்லிவிட்டோம்.

அப்பொடியில் என்ன இருந்தது என்று பார்க்காமலே அறுதியிட்டுச் சொல்வது முறையன்று. ஆயினும், இரண்டு நாளில் வலி பறந்ததும், பிறகு முகம் உருண்டதும், நிறுத்தியவுடன் சரிந்ததும் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்பதற்கு வலுவான குறிகள். இம்மருந்தின் கதையே அப்படித்தான் தொடங்கியது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹெஞ்ச் என்னும் மருத்துவர், முடக்குவாத நோயாளிக்குக் காமாலை கண்டால் மூட்டு வலி தணிவதை 1929-இலேயே கவனித்திருந்தார். கருவுற்ற பெண்களுக்கும் அவ்வாறே தணிந்தது. உடலே சுரக்கும் ஏதோ ஒன்று இதனைச் செய்கிறது என்று ஊகித்தார். அவருடைய நண்பர் எட்வர்ட் கெண்டல், சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்திருந்த பொருளை 1948 செப்டம்பரில் ஒரு நோயாளிக்கு ஊசி வழியே செலுத்தினர். படுக்கையை விட்டு எழவே தவித்த 29 வயதுப் பெண் சில நாட்களில் நடந்தார். அதுவே கார்ட்டிசோன். 1950-இல் ஹெஞ்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைன் மூவரும் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் தொடர்ந்து கொடுத்த நோயாளிகளிடம் முகம் உருளுதல், எலும்பு மெலிதல், சர்க்கரை ஏறுதல், மனக் கலக்கம் ஆகியவை விரைவிலேயே தலைகாட்டின. நோய் வேரறவும் இல்லை. மருந்தை நிறுத்தினால் வலி திரும்பியது.

நிறுத்தியவுடன் அம்மையார் சரிந்ததற்குக் காரணம் இது: வெளியிலிருந்து ஸ்டீராய்டு தடையின்றி வந்துகொண்டிருந்தால், அட்ரீனல் சுரப்பி தன் தொழிலைக் கைவிட்டு உறங்கிவிடுகிறது. வரவு திடீரென நின்றால் அது உடனே விழித்துக்கொள்வதில்லை. உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே சில வாரங்களுக்கு மேல் ஸ்டீராய்டு உண்டவர் எவரும் அதனைத் தாமாக ஒரே நாளில் நிறுத்தலாகாது. மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும். ஸ்டீராய்டு நஞ்சு என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். தகுந்த கையில், தகுந்த அளவில், அது உயிர் காக்கும் மருந்து. அளவும் பெயரும் தெரியாமல் உண்பதே கேடு.

முடக்குவாதத்திற்கு இன்று பெரிதும் வழங்கும் மருந்து மெத்தோட்ரெக்சேட். இது வாரத்தில் ஒரே நாள் மட்டும் உண்ண வேண்டிய மாத்திரை. பழக்கத்தால் அதனை நாள்தோறும் விழுங்கி உயிருக்கே ஆபத்தைத் தேடிக்கொள்வோர் உண்டு. வியாழக்கிழமை, வெள்ளிக்கிழமை என்று ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, மாத்திரைப் பட்டையின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஒரே மருந்து ஒருவரைக் காப்பதும் மற்றொருவருக்குப் பயனற்றுப் போவதும் எவ்வாறு என்பதைக் கொரோனாக் காலம் தெளிவாகக் காட்டியது. பிரிட்டனில் நடைபெற்ற ரெகவரி என்னும் பேராய்வில் 2,104 நோயாளிகளுக்கு டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டை நாளுக்கு 6 மில்லிகிராம், அதிக அளவாகப் பத்து நாட்கள் கொடுத்தனர். 4,321 பேருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோருள், மருந்து பெறாதவர்களில் நூற்றுக்கு 41.4 பேர் 28 நாட்களுக்குள் இறந்தனர், பெற்றவர்களில் 29.3 பேர். ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டோரிடம் நன்மை சற்றுக் குறைவு. ஆக்சிஜனே தேவைப்படாத, நோய் முற்றாத நிலையில் இருந்தோருக்குப் பயன் ஏதும் கிட்டவில்லை. இறப்பு 14-க்குப் பதில் 17.8 என்று கூடுதலாகவே தெரிந்தது. அவ்வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்பர். தொடக்கத்தில் வெள்ளணுப் படை கிருமியோடு போரிட்டுக்கொண்டிருக்கிறது. அப்போது அதன் கையைக் கட்டுவதில் நன்மையில்லை. பின்னர் அதே படை கட்டவிழ்ந்து நுரையீரலையே சிதைக்கும்போது கட்டினால் உயிர் பிழைக்கிறது. 2021-இல் நம் நாட்டில் கறுப்புப் பூஞ்சை நோய் பலரின் கண்ணையும் உயிரையும் கவர்ந்ததில், கட்டுக்கடங்காத சர்க்கரையோடு, வேண்டாத இடத்தில் வேண்டாத அளவில் ஸ்டீராய்டு கொடுத்ததற்கும் பங்கு உண்டு.

கௌட் எனப்படும் யூரிக் அமில வாதத்தையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம். நள்ளிரவில் கால் பெருவிரல் நெருப்பாய்ச் சிவந்து, போர்வை பட்டாலும் பொறுக்க முடியாத வலி வரும். அங்கே கிருமியும் இல்லை, முள்ளும் இல்லை. மூட்டில் படிந்த யூரிக் அமிலத்தின் ஊசி போன்ற படிகங்களைப் பகையென்று எண்ணி வெள்ளணுக்கள் பாய்கின்றன. இதற்கு வழங்கும் கால்ச்சிசின் என்னும் மருந்து வெள்ளணுக்கள் அங்கே விரைவதைத் தடுக்கிறது. அம்மருந்தைத் தரும் செடிகளுள் ஒன்று நம் செங்காந்தள். முருகனுக்கு உகந்ததென்று சங்கப் புலவர் போற்றிய மலர். நம் மாநில மலரும் அதுவே. மருந்துக்காகவே அதன் விதைகளைத் தாராபுரம், மூலனூர்ப் பகுதி உழவர்கள் விளைவிக்கின்றனர். ஆனால் அதன் கிழங்கு கொடிய நஞ்சு. கண்வலிக் கிழங்கு என்று பெயர் சொல்லி எவரேனும் அரைத்துக் கொடுத்தால் உள்ளுக்குச் சாப்பிட்டுவிடாதீர்கள்.

இதுவரை காவல் மிகுந்துபோவதைப் பற்றிப் பேசினோம். முதுமையில் அதற்கு நேர்மாறான இடரும் உண்டு. காவல் தளர்ந்துவிடுவதால், நோய் வந்தும் அதன் குறிகள் தெரிவதில்லை. இளைஞனுக்கு நுரையீரலில் சளிக் காய்ச்சல் வந்தால் உடல் கொதிக்கும். எண்பது வயதுப் பெரியவருக்குக் காய்ச்சலே இராது. உணவு வேண்டாம் என்பார், நடை தள்ளாடும், நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று மாலை பேரனின் பெயரை மாற்றிச் சொல்வார். சிறுநீர்த் தொற்றும் இவ்வாறு வருவதுண்டு. "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று வீட்டார் விட்டுவிடுகின்றனர். ஓரிரு நாளுக்குள் வந்த மனக்குழப்பம் முதுமையால் வருவதன்று. மருத்துவரை அன்றே காண வேண்டும். முதியோர் பலரின் இயல்பான உடல் வெப்பம் சற்றுக் குறைவாகவே இருப்பதால், நலமாக இருக்கும் நாளிலேயே ஒரு முறை அளந்து குறித்து வைப்பது நல்லது. 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலும், அதற்குக் கீழேயே இருந்தாலும் தம் இயல்பினின்று 2 டிகிரி ஏறினாலும், அதனைக் காய்ச்சல் என்றே கொள்ள வேண்டும்.

சர்க்கரை நோயுடையோர்க்கு மற்றோர் இடர். பாதத்து நரம்புகள் மரத்துப்போயிருந்தால் முள் தைத்ததே தெரியாது. சித்திரை வெயிலில் கற்றளம் சுட்டுக் கொப்புளம் கண்டாலும் தெரியாது. வலி என்னும் கட்டளை கேட்காத பாதத்தில் புண் ஆழ்ந்துகொண்டே போகும். கிரிவலமோ பாத யாத்திரையோ முடித்து வந்தவுடன், வீட்டிலுள்ள எவரையேனும் உள்ளங்கால்களையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள்; தனித்து வாழ்வோர் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துத் தாமே பார்க்கலாம். பருத்திக் காலுறை அணியத் தடையில்லாத கோயில்களில் அணிந்து செல்லுங்கள். தடையுள்ள இடங்களில் வெயில் ஏறுமுன் தரிசனத்தை முடித்துக்கொள்ளலாம்.

இன்ஃப்ளுவென்சாவுக்கும் நிமோனியாவுக்கும் உள்ள தடுப்பூசிகளைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஊசி போட்ட தோள் ஓரிரு நாள் வலித்து வீங்குவதும் முள் தைத்த இடத்தில் நிகழ்ந்த அதே அழற்சிதான், அஞ்ச வேண்டுவதில்லை.

அக்கி பற்றிக் கேட்டு மூன்று அன்பர்கள் எழுதியிருக்கிறார்கள். காவல் தளர்ந்த காலத்தில், சிறுவயதில் வந்த சின்னம்மையின் கிருமியே நரம்பிலிருந்து மீண்டும் கிளம்புவது அது. அடுத்த இதழில் விரிவாக எழுதுகிறேன். ஆனால் இவ்வாரம் எவருக்கேனும் உடலின் ஒரு பக்கம் மட்டும் எரிச்சலுடன் கொப்புளங்கள் வரிசையாகக் கிளம்பினால், அடுத்த இதழுக்காகக் காத்திருக்க வேண்டாம். காவி கொண்டு அக்கி எழுதுவோர் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கிருமியை அடக்கும் மாத்திரையை மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் நன்கு பயன் தரும் என்பதால், மருத்துவரை அன்றே பார்த்துவிடுங்கள். கண்ணருகே வந்தால் ஒரு பொழுதும் தாமதிக்கலாகாது.